டிரம்பெட்காரன் கப்பல் ஏறினானா?

உலகத்தில் ஒரே ஒரு சினிமாப் படத்துக்கு மிக அதிகமான விமர்சனம் எழுதிய ஊர் எங்கள் காஞ்சிபுரம்தான். மொத்தம் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு விமர்சனங்கள். எழுதியவர்கள் இருபத்து மூன்று பேர். எழுத எடுத்துக்கொண்ட காலம் நாற்பத்தொரு வருஷம். படத்தைப் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. கடைசியில் அந்தப் படமே வந்து பிள்ளையார்பாளையத்தில் ஒரு கல்யாணத்தை நடத்திவைத்துவிட்டுப் போனது.

சிரிக்கிறீர்கள். டீக்கடையில் சொன்னபோதும் சிரித்தார்கள். நானோ டெலிபோன் ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இல்லாத லைனை இருக்கிறது என்று சொல்லிப் பழக்கமே தவிர, நடக்காததை நடந்தது என்று சொல்லிப் பழக்கமில்லை. மேலும் நான் காஞ்சி உலகத் திரைப்பட மதிப்பீட்டு மகாசபையின் சிற்றுண்டிப் பொறுப்பாளர். எழுதாத உறுப்பினர், ஓட்டு கிடையாது, சுண்டல் மட்டும் என் கையில். அதனால் முழுக்கதையும் என் கண் முன்னால்தான் நடந்தது.

மகாசபையின் பிறப்பைச் சொல்லிவிடுகிறேன். எண்பத்து நாலாம் வருஷம் பட்டு வியாபாரி ராமலிங்கம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு மசால்வடை வாங்கினார். வடையைச் சுற்றியிருந்தது ஓர் ஆங்கில வாரப் பத்திரிகையின் தாள். அதில் ஒரு பழைய வெளிநாட்டுக் காதல் படத்துக்கு விமர்சனம். இரண்டு அமெரிக்க ஜாஸ் கலைஞர்கள், ஒருவன் டிரம்பெட், ஒருவன் சாக்ஸபோன், சொந்த ஊர் ஒத்துவராமல் பிரான்ஸில் ஒரு துறைமுக நகரத்தில் போய்க் குடியேறுகிறார்கள். இரண்டு வார விடுமுறைக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள். காதல். விடுமுறை முடிகிறது. கப்பல் தயார். 'இறுதிக் காட்சியில் டிரம்பெட்காரன் குழலைக் கையில் பிடித்தபடி கப்பலை நோக்கி ஓடுகிறான். அவன்' என்ற இடத்தில் தாள் கிழிந்திருந்தது. மறுபாதி வேறு யாருடைய வடையோடோ போய்விட்டது.

ராமலிங்கம் அழுதார். மறுபாதியில் வடை வாங்கிய ஆளை மூன்று மாதம் ஊர் முழுக்கத் தேடினார். அகப்படவில்லை. அதனால் மகாசபையை ஆரம்பித்தார். கூடவே ஒரு கல்யாண மண்டபத்தையும் கட்டி, பத்திரத்தில் இப்படி எழுதிவிட்டுக் கண்ணை மூடினார்: 'மகாசபை கூடியிருக்கும்போது இம்மண்டபத்தில் வேறு எந்த நிகழ்ச்சி நடந்தாலும் அது நடக்காததாகவே கருதப்படும்.'

அந்த வடைத்தாள் இப்போது பிளாஸ்டிக் உறை போட்டுச் சந்தனப் பெட்டியில் இருக்கிறது. ஆண்டுக் கூட்டத்தன்று நாதஸ்வரத்தோடு மேடைக்கு எழுந்தருளும். அதில் நான்கு எண்ணெய்க் கறைகள் உண்டு. மூன்றாவது கறை எண்ணெயா, காற்புள்ளியா என்பதைப் பற்றி மட்டும் இருநூற்றுப் பதினான்கு விமர்சனங்கள். டிரம்பெட்காரன் கப்பலில் ஏறிவிட்டான் என்பது ஓர் அணி. ஏறவில்லை என்பது மறு அணி. கோயில் யானையின் நெற்றியில் வடகலை நாமமா, தென்கலை நாமமா என்பதற்கே கோர்ட்டுக்குப் போன ஊர் இது. கப்பலுக்கு அணி பிரியக் கேட்கவா வேண்டும்?

விதிகள் எண்பத்தெட்டு. இரண்டு தெரிந்தால் போதும். நாலாவது விதி: படத்தைப் பார்த்தவர் சாட்சி ஆகிறார், சாட்சி நீதிபதியாக முடியாது, ஆகவே பார்த்தவருக்கு ஓட்டு இல்லை. ஓட்டுள்ளவர் ஒருவரும் இல்லையென்றால் கூட்டம் கலைந்ததாகப் பொருள். ஒன்பதாவது விதி: எதையும் சந்தேகிப்பதற்கென்றே ஒரு நிரந்தர உறுப்பினர் இருக்க வேண்டும். அந்தப் பதவிக்கு ஐயவாதி என்று பெயர். இருபத்திரண்டு வருஷமாக முனிரத்தினம்தான் ஐயவாதி. பத்திரப் பதிவு ஆபீஸில் வேலை பார்த்தவர். தலைமைக் குமாஸ்தாவே எதிரில் வந்து நின்றாலும் இரண்டு சாட்சி கேட்டவர். கூட்டத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது எல்லோரும் 'உள்ளேன்' என்பார்கள். முனிரத்தினம் 'இருக்கலாம்' என்பார்.

வழக்கமாக ஆண்டுக் கூட்டம் ஒரே நாளில் சண்டையில் முடியும். இந்த ஆவணியில் தலைவர் குமரகுரு ஒரு புது விதி கொண்டுவந்தார். ஒருமனதாகத் தீர்ப்பு வரும்வரை கூட்டம் கலையாது. குமரகுரு ஒரு கல்லூரியின் முன்னாள் முதல்வர். அவர் பேசும்போது மைக் தானாகவே வணங்கிக்கொள்ளும் என்பார்கள். ஸ்டாண்டு லூஸ், அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை ஆரம்பித்தார்கள்.

புதன்கிழமை மத்தியானம் நெசவாளி வேலாயுதம் வந்தார். கூடவே அரிசி மூட்டை, அண்டா, சமையல்காரர்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் அவர் மகள் இளவரசிக்கு அதே மண்டபத்தில் முகூர்த்தம். ஆறு மாதத்துக்கு முன்னாலேயே பதிவு செய்த மண்டபம். மேடையில் இருபத்து மூன்று பேர் சால்வையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், எப்ப சார் முடியும்?" என்று வேலாயுதம் மேடைக்குக் கீழே நின்று கேட்டார்.

குமரகுரு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எது?"

"கூட்டம் சார். நாளன்னிக்கு எங்க பொண்ணு கல்யாணம்."

"ஐயா, ஷேக்ஸ்பியர் விமர்சனம் நானூறு வருஷமாக முடியவில்லை. உங்களுக்கு வெள்ளிக்கிழமைக்குள் முடிய வேண்டுமா?"

மண்டப மேனேஜரிடம் ஓடினார். மேனேஜர் பத்திர நகலை எடுத்துக் காட்டி, "நான் இன்னா பண்ணட்டும்பா? கூட்டம் நடக்கும்போது தாலி கட்டினா கட்டாத மாதிரின்னு எழுதி வெச்சிக்கீறாரு பெரியவரு" என்றார்.

வேலாயுதத்தின் நிலைமை உங்களுக்குப் புரிய வேண்டும். இளவரசிக்கு முப்பத்தொரு வயது. இதற்கு முன் இரண்டு தடவை நிச்சயமாகி நின்றுபோனது. முதல் தடவை மாப்பிள்ளையின் பெரியப்பா இறந்தார். இரண்டாம் தடவை யாருமே இறக்கவில்லை, அதுதான் இன்னும் கேவலம். இது மூன்றாவது. மாப்பிள்ளை ஜெயக்குமார் தங்கமான பையன். அவன் அப்பா அர்ஜுனன் மாகறலில் விவசாயம். சகுனம் பார்க்காமல் செருப்புகூட மாட்டாதவர். போனில் ஒரே வரிதான் சொன்னார்.

"சம்பந்தி, இந்த முகூர்த்தம் தப்புச்சின்னா எனக்கு மனசு வராது. அவ்ளோதான்."

வேறு மண்டபம் தேடி வேலாயுதம் மகனில்லாத மனிதராய் ஒண்டியாக டிவிஎஸ்ஸில் அலைந்தார். ஆவணி முகூர்த்தம். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து தாமல் ஏரிக்கரை வரைக்கும் ஒரு கொட்டகைகூட இல்லை. கோயிலில் கட்டலாம் என்றால் அர்ஜுனன், "ஓடிப்போய் கட்டிக்கினாங்கன்னு ஊர்ல பேசுவாங்க" என்றார். சாயங்காலம் திரும்பி வந்து மண்டப வாசலில் வண்டியை ஸ்டாண்டு போடக்கூடத் தெரியாமல் நின்றார். நான் ஒரு பொட்டலம் சுண்டல் கொடுத்தேன். கையில் வாங்கியதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"ஏம்பா, அவங்க கிட்ட நான் பேசணும். கால்ல வுழுந்தாவது பேசணும்" என்றார்.

"உறுப்பினர்தான் மைக்கில் பேச முடியும்" என்றேன்.

"உறுப்பினர் ஆவணும்னா?"

"நேர்காணல் இருக்கிறது."

வியாழக்கிழமை காலை வேலாயுதத்துக்கு நேர்காணல். மூன்று முறை மைக்கைத் தட்டச் சொன்னார்கள், தட்டினார். வடைத்தாளைத் தொட்டுக் கும்பிடச் சொன்னார்கள், கும்பிட்டார். போன வருஷம் இறந்துபோயிருக்கக்கூடிய சாக்ஸபோன்காரனுக்கு ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி. பிறகு குமரகுரு கேட்டார்.

"ஜாஸ் என்றால் என்ன?"

வேலாயுதம் முந்தைய நாள் காலையிலிருந்து சாப்பிடவில்லை. அவர் வாழ்க்கையில் ஜாஸ் என்ற சொல்லுக்கு மிக நெருங்கி வந்த சொல் ஜாஸ்திதான். கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"சார், எனக்குத் தெரிஞ்சது கோர்வை ஒண்ணுதான்."

சபையில் ஒரு சிலிர்ப்பு. பட்டுப் புடவையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து, இழையோடு இழை கோத்துச் சேர்ப்பதற்கு எங்கள் ஊரில் கோர்வை என்று பெயர். மிருதங்கக்காரர்களுக்கும் கோர்வை உண்டு. அது தாளக் கணக்கு, வேறு சமாசாரம். சபையில் இருந்தவர்களில் ஒருவர்கூட மிருதங்கத்தையும் தொட்டதில்லை, தறியையும் தொட்டதில்லை. ஆனால் கச்சேரி விமர்சனங்கள் படித்திருக்கிறார்கள்.

"கோர்வை! விளக்குங்கள்" என்றார் குமரகுரு, பேனாவைத் திறந்துகொண்டு.

"ஒருத்தர் இந்தக் கரையில, ஒருத்தர் அந்தக் கரையில சார். நான் வுட்டா எங்க வீட்ல வாங்கிக்கணும். அவ வுட்டா நான் வாங்கிக்கணும். தனி ஆளா உக்காந்துக்கினு கோர்வை போட முடியாது. போட்டா பொளந்துக்கும்."

ஏறினான் அணியும் ஏறவில்லை அணியும் சேர்ந்து கைதட்டியது அன்றுதான் முதல் தடவை. குமரகுரு எழுந்து நின்றார்.

"நண்பர்களே! ஒரு கரையில் கலைஞன், மறு கரையில் காதலி. இடையில் கடல். டிரம்பெட் விடுகிறது, சாக்ஸபோன் வாங்குகிறது. இந்தக் கருத்தை நான் தொண்ணூற்றாறிலேயே சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்கே புரியாதபடி சொல்லியிருந்தேன். இவர் புரியும்படி சொல்கிறார். அது ஒன்றுதான் குறை. அதை நாம் சரிசெய்துகொள்ளலாம்."

வேலாயுதத்தை ஆயுள் உறுப்பினர் ஆக்கினார்கள். ஆறு சால்வை போட்டார்கள். 'வேலாயுதக் கோட்பாடு' பற்றி மூன்று நாள் கருத்தரங்கை அதே கூட்டத்தில் சேர்த்துக்கொள்வதாகத் தீர்மானம் போட்டார்கள். கல்யாணம் நாளைக்கு. கருத்தரங்கு ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

"சார், எனக்குக் கோட்பாடு வேணாம் சார். மண்டபம் குடுங்க சார்" என்று வேலாயுதம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"பாருங்கள், மண்டபம் என்பதை எவ்வளவு பெரிய படிமமாக்குகிறார்" என்று சொல்லிக் குமரகுரு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

முனிரத்தினம் மட்டும் கைதட்டவில்லை. "இவரு நிஜமாவே நெசவாளியான்னு எனக்குச் சந்தேகமா இருக்குது" என்றார்.

வீட்டில் வேலாயுதத்தின் மனைவி வடிவாம்பாள் ஆறு சால்வையையும் ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். "பவர்லூம் சரக்கு. மண்டபத்தைக் கேட்டுக்கினு வான்னா போர்வை வாங்கிக்கினு வந்துக்கீற" என்றாள். பிறகு சமையல்கட்டுக்குப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். வேலாயுதம் இதை என்னிடம் சொன்னபோது, அவள் திட்டினது தாங்கும், திரும்பி நின்றதுதான் தாங்கவில்லை என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே மாகறலிலிருந்து இரண்டு பஸ் வந்து நின்றது. வேறு வழியில்லை, வந்தவர்களை உள்ளே உட்கார வைத்தோம். ஏழு மணிக்கு ஐந்நூறு நாற்காலியும் நிறைந்துவிட்டது. பட்டுப் புடவை, பன்னீர், மல்லிகை. மேடையிலிருந்து அதைப் பார்த்த குமரகுரு மைக்கை இழுத்துக்கொண்டார்.

"நாற்பத்தொரு வருஷம்! நாற்பத்தொரு வருஷமாக இந்தச் சபையைக் கேட்க ஒரு நாயும் வரவில்லை. இன்று விடியற்காலையில் குடும்பம் குடும்பமாகக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஜாஸ் வென்றது!"

இந்த உற்சாகத்தில் அவர் நாற்பது நிமிஷம் கூடுதலாகப் பேசினார். அதில் ஒரு பகுதியை நான் அப்படியே எழுதிவைத்திருக்கிறேன்: "படம் பார்ப்பது பாமரன் வேலை. விமர்சகன் படத்துக்கு மேலே நிற்கிறவன். மேலே நிற்கிறவனுக்குத் திரை தெரியாது. தெரிந்தால் அவன் இன்னும் போதிய உயரத்துக்குப் போகவில்லை என்று அர்த்தம். படத்தை எடுத்தவர்கள் இரண்டு மணி நேரம்தான் அதற்குச் செலவழித்தார்கள். நாம் நாற்பத்தொரு வருஷம் செலவழித்திருக்கிறோம். யாருக்கு அதிகம் தெரியும்?"

முன்வரிசையில் இருந்த அர்ஜுனன் வேலாயுதத்தைப் பக்கத்தில் கூப்பிட்டார். "சம்பந்தி, ஐயரு இன்னா பேண்ட் போட்டுக்கினு கீறாரு? மந்திரமும் தமிழ்ல சொல்றாரு?"

"அது ஐயரு இல்ல சம்பந்தி" என்றார் வேலாயுதம்.

மணி எட்டு இருபது. வேலாயுதம் மேடை ஏறி மைக்கை மூன்று முறை தட்டினார். ஆயுள் உறுப்பினர் பேசுவதற்கு முன் சால்வை போட வேண்டும் என்பது விதி, போட்டார்கள். சால்வை போட்டவருக்குப் பதில் சால்வை. மணி எட்டு முப்பத்தொன்று.

"ஐயாமாருங்களே, பொண்ணு உள்ள மாலையும் கழுத்துமா உக்காந்துக்கினு இருக்குது. இன்னும் அரை மணி நேரம்தான். இது மூணாவது தபா. ஏறினான்னு வெச்சிக்கோங்க, ஏறலைன்னு வெச்சிக்கோங்க, ஏதோ ஒண்ணு சொல்லி எழுந்திருங்க சார். உங்க காலப் புடிச்சிக்கிறேன்."

"ஏதோ ஒன்று என்பது மூன்றாவது அணி. அதைப் பதிவு செய்ய விண்ணப்பம் உண்டு" என்றார் குமரகுரு.

வேலாயுதம் மைக் ஸ்டாண்டைப் பிடித்தபடி அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டார். எனக்கே சுண்டல் கசந்தது.

அப்போதுதான் மணப்பெண் அறையின் கதவு திறந்தது. இளவரசி கூறைப்புடவையோடு, நெற்றிச்சுட்டி ஒரு பக்கம் சாய்ந்திருக்க, கையில் போனோடு நேரே நடந்து வந்தாள். சந்தனப் பெட்டியைத் திறந்தாள். வடைத்தாளை எடுத்துப் படத்தின் ஆங்கிலப் பெயரைப் படித்துப் போனில் தட்டினாள். அந்தப் பெயரை உச்சரிப்பது எப்படி என்று ஒரு தீர்மானம் பதினெட்டு வருஷமாக நிலுவையில் இருந்தது. அவள் உச்சரிக்கவேயில்லை.

"நைனா, முழுப் படமும் சும்மா கிடக்குது. இவங்க ரூல்படி பார்த்தா ஓட்டுப் போயிடும் இல்ல? எல்லாருக்கும் ஓட்டுப் போயிடுச்சின்னா கூட்டம் கலைஞ்சிடும்."

மணமக்கள் தங்கள் போட்டோக்களைத் தாங்களே பார்க்க வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டார் ஆசைப்பட்டு, மேடைக்கு நேர் எதிரே வாசல் பக்கச் சுவரில் ஒரு பெரிய எல்.ஈ.டி. திரை கட்டியிருந்தார்கள். இளவரசி வீடியோக்காரரிடம் போனைக் கொடுத்துக் கடைசிப் பத்து நிமிஷத்தைப் போடச் சொன்னாள். ஜெயக்குமாரும் அவளும் ஏரியில் படகு ஓட்டிய போட்டோ மறைந்தது. கறுப்பு வெள்ளையில் ஒரு துறைமுகம் வந்தது. மூடுபனி. ஒரு கப்பல்.

"கண்ணை மூடுங்கள்!" என்று குமரகுரு அலறினார். "சபையோரே, கண்ணை மூடுங்கள்! நாற்பத்தொரு வருஷ உழைப்பு!"

இருபத்து மூன்று விமர்சகர்களும் கண்ணை இறுக மூடினார்கள். இரண்டு பேர் சால்வையால் முக்காடு போட்டார்கள். மண்டபத்தில் இருந்த ஐந்நூறு பேரும் படம் என்றவுடன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு மேடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்கள். திரையில் டிரம்பெட் வாசிக்க ஆரம்பித்தது. சும்மா சொல்லக் கூடாது, எனக்குப் புல்லரித்தது.

"கண்ண மூடிக்கினே இருந்தா ஓட்டு எப்டிப் போவும்?" என்று வேலாயுதம் எழுந்திருக்காமலே கேட்டார். "போச்சு. இதுவும் போச்சு."

மணி எட்டு நாற்பத்தொன்பது.

வடிவாம்பாள் ஒரு கணம் மேடையைப் பார்த்தாள். கண்ணை மூடிய இருபத்து மூன்று பேர். திரும்பி உட்கார்ந்த ஐந்நூறு பேர். இரண்டு பக்கமும் பார்த்தாள், தறியில் நாடா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கிற மாதிரி.

"எழுந்திரு. கண்ண மூடிக்கினுதானே கீறாங்க? எவன் தடுக்கப் போறான்? ஐயரே, ஹோம குண்டத்தைத் தூக்கிக்கினு மேல வாங்க" என்றாள்.

விமர்சகர்களின் நாற்காலிகளுக்கு நடுவே, ஏறினான் அணிக்கும் ஏறவில்லை அணிக்கும் இடையில் நான்கு அடி இடம் இருந்தது. அங்கே கொஞ்சம் முன்தள்ளி, திரையைப் பார்த்தபடி இரண்டு மணை போட்டார்கள். இளவரசி உட்கார்ந்தாள், ஜெயக்குமார் உட்கார்ந்தான், அர்ஜுனன் பக்கத்தில் நின்றார். ஹோமப் புகையில் ஒரு விமர்சகர் இருமி, "என்ன வாசனை?" என்று கேட்டார். "துறைமுகக் காட்சி, கப்பல் புகை" என்றார் குமரகுரு, கண் திறக்காமல்.

வடிவாம்பாள் என் கையில் ஒரு தட்டைத் திணித்தாள். அட்சதை. "எல்லாருக்கும் குடு" என்றாள்.

நான் நாற்பத்தொரு வருஷமாகச் செய்கிற வேலையைத்தான் செய்தேன். ஒவ்வொரு விமர்சகரின் முன்னாலும் போய்த் தொண்டையைக் கனைத்தேன். சுண்டல் நேரம் என்று இருபத்து மூன்று கைகளும் தாமாக நீண்டன. ஆளுக்கு ஒரு பிடி அட்சதை போட்டேன். முனிரத்தினம் மட்டும், "இது சுண்டல்தானா?" என்று கேட்டார். "சந்தேகம் வேண்டாம்" என்றேன். "அது என் பதவிப்பா" என்று சொல்லி மூடிக்கொண்டார், கையை.

திரையில் டிரம்பெட் மேலே மேலே ஏறியது. மேடையோரம் சும்மா உட்கார்ந்திருந்த நாதஸ்வரக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஒரு வாத்தியம் தனியாக அழுதுகொண்டிருந்தால் இன்னொரு வாத்தியக்காரர் எத்தனை நேரம்தான் வேடிக்கை பார்ப்பார்? குழலை எடுத்துப் பிடித்துக்கொண்டார். பிரான்ஸ் விட்டது, பிள்ளையார்பாளையம் வாங்கிக்கொண்டது. மணி எட்டு ஐம்பத்தாறு.

"கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று வடிவாம்பாள் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினாள்.

தவில் இடி மாதிரி இறங்கியது.

இங்கேதான் மகாசபையின் எண்பத்தெட்டு விதிகளும் தோற்றன. கெட்டிமேளம் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருக்கத் தமிழ்நாட்டில் எவனாலும் முடியாது. பரம்பரை பரம்பரையாகப் பழகிய உடம்பு. ஐந்நூறு பேரும் திரையை விட்டு மேடைப் பக்கம் திரும்பினார்கள். மேடையில் இருந்தவர்கள் படக்கென்று கண்ணைத் திறந்து, கையில் இருந்ததை எதிரே வீசினார்கள். ஜெயக்குமார் மூன்றாவது முடிச்சைப் போட்டான். அவன் தலைக்கு மேலே, எதிர்ச்சுவரில், டிரம்பெட்காரன் கப்பல் படியில் பாதி ஏறியிருந்தான். அந்தப் பெண் மேலேயிருந்து பாதி இறங்கியிருந்தாள். நடுப்படியில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு அவள் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டு வந்தாள். கப்பல் ஊதிவிட்டு, இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போயேபோய்விட்டது.

மேளம் நின்றது.

"பொண்ணு இறங்கிட்டா..." என்றார் ஏறினான் அணியின் மூத்த விமர்சகர்.

"இறங்கிட்டா" என்றார் ஏறவில்லை அணியின் மூத்தவர். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

இளவரசி மாலையைச் சரிசெய்துகொண்டு கேட்டாள். "ஏன் சார், ஆயிரம் விமர்சனத்துல அந்தப் பொண்ணு இன்னா பண்ணிச்சின்னு ஒருத்தருக்கும் கேக்கத் தோணலியா?"

வேலாயுதத்தின் புது ஓட்டு படம் தொடங்கியபோதே போயிருந்தது. இப்போது மேடையில் இருபத்திரண்டு ஓட்டும் போயிற்று, குமரகுருவுடையது உட்பட. வேலாயுதம் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். அவர் எழுந்து முடிப்பதற்குள் குமரகுருவுக்கு உயிர் திரும்பியது. அவர் விரல் நாற்காலி வரிசையின் கடைசிக்கு நீண்டது.

முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயவாதி கண் திறக்கவில்லை!" என்று குமரகுரு கூவினார். "ஓர் ஓட்டு இருக்கிறது! கூட்டம் கலையவில்லை! பத்திரப்படி இந்தக் கல்யாணம் நடக்கவில்லை!"

அர்ஜுனனின் முகம் மாறியது. "இன்னா சம்பந்தி இது? தாலி கட்டின கையை எடுக்கறதுக்குள்ள ஒருத்தர் நடக்கலைன்றாரு. இதுக்கு மேல ஒரு அபசகுனம் வேணுமா?"

"அவரு அப்படித்தான் சம்பந்தி, அதையெல்லாம்..." என்று ஆரம்பித்த வேலாயுதம் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஜெயக்குமார் இளவரசியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். ஆனால் மாகறல் பஸ்ஸில் வந்த பெரியவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். மணி எட்டு ஐம்பத்தெட்டு. இன்னொரு தாலி கட்ட நேரமும் இல்லை, தாலியும் இல்லை.

அர்ஜுனன் முனிரத்தினத்தின் முன்னால் போய் நின்றார்.

"ஐயா, பெரியவரே. எனக்குச் சபை, சினிமா ஒண்ணும் தெரியாது. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்த மேடையில இப்ப ஒரு கல்யாணம் நடந்துச்சா, நடக்கலியா?"

முனிரத்தினம் மெதுவாகக் கண்ணைத் திறந்தார். திரையில் படம் முடிந்து, ஜெயக்குமாரும் இளவரசியும் மறுபடி படகு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே ஒரு பதிலை மட்டும் சொல்லிப் பழகிய உதடு குவிந்தது.

"இருக்..."

"ஐயா," என்றாள் வடிவாம்பாள். சத்தம் போடவில்லை. "உங்க கையில அட்சதை குடுத்தமே. அது எங்க?"

முனிரத்தினம் இறுக மூடியிருந்த கையைப் பார்த்தார். பத்திரத்தில் கையெழுத்தைச் சரிபார்க்கிற மாதிரி ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். உள்ளங்கையில் மஞ்சள் மட்டும் ஒட்டியிருந்தது. திருப்பிப் பார்த்தார். மடியில் தேடினார். நாற்காலிக்கு அடியில் குனிந்து தேடினார். ஓர் அரிசிகூட இல்லை. பிறகு நிமிர்ந்து, எதிரே உட்கார்ந்திருந்த இளவரசியின் தலையைப் பார்த்தார். நெற்றிச்சுட்டியின் சங்கிலியில் நாலைந்து மஞ்சள் அரிசி சிக்கியிருந்தது.

தன் வெறுங்கையை ஒரு தடவை, அந்த அரிசியை ஒரு தடவை பார்த்தார்.

"நடந்துச்சுபா" என்றார் முனிரத்தினம்.